‘500 படிகள் வரை’ என்ற ஒப்பந்த வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தில் கடந்த சில மாதங்களாக, ‘கவிதை, கதை, வாழ்க்கை வரலாறு எதுவானாலும் இருபதே நாளில் நூலாக்கித் தருகிறோம், ஐ.எஸ்.பி.என். எண், நூலக ஆணை, புத்தகக் காட்சியில் இடம் உறுதி’ என்ற வாசகத்தோடு, முகவரி ஏதுமின்றிக் கைபேசி எண்ணை மட்டும் தாங்கிய விளம்பரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திருச்சியில் அச்சகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் மெய்ப்புத் திருத்திப் பிழைத்து வருபவன் நான். அந்த மூன்று வாக்குறுதிகளில் முதலாவதான நூலின் அடையாள எண் அரசிடமிருந்து இலவசமாகக் கிடைப்பது. இரண்டாவதான, பொது நூலகங்களுக்கு நூலை வாங்கும் ஆணை எந்தப் பதிப்பகத்தாலும் உறுதி கூற முடியாதது. மூன்றாவது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய அரங்கின் மேசை மூலையில் இரண்டு படிகளை வைத்துப் படம் எடுத்து அனுப்புவதோடு முடிந்துபோவது. இதைத் தங்கள் வாசகர்களில் எழுதுகிறவர்களாக இருப்போருக்குச் சற்று விரிவாகச் சொல்ல இடமளிக்க வேண்டுகிறேன்.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், பணி ஓய்வு பெற்ற நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், மஞ்சள் பையில் தம் நூலின் இரண்டு படிகளையும் ஒரு பக்க ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். தம் ஊர்த் திருவிழாவில் பாடப்படும் பாடல்களை வயதானவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பதினைந்து ஆண்டுகள் சேகரித்து, குறிப்புகளோடு அவர் எழுதிய 176 பக்க நூல் அது. 500 படிகளுக்கு என்று நினைத்து 62,000 ரூபாயை மூன்று தவணைகளில் யூ.பி.ஐ. வழியாகச் செலுத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சேர்ந்தவை 60 படிகள். மீதி எங்கே என்று கேட்டபோதெல்லாம் ‘கிடங்கில் இருக்கின்றன, கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன’ என்று பதில் வந்திருக்கிறது. எட்டு மாதங்களுக்குப் பிறகு அந்தப் பதிலும் நின்றுவிட்டது. ஆனால் அவர் என்னிடம் வந்தது பணத்தைப் பற்றிப் பேச அன்று. “தம்பி, மூணே மாசத்துல முதல் பதிப்பு தீர்ந்துபோச்சு, ரெண்டாம் பதிப்பு போட்டிருக்கோம்னு சொல்லி இந்த ஒரு படியை அனுப்பினாங்க. நான் எழுதிக் கொடுத்த திருத்தம் ஒண்ணுகூட இதுல இல்லை. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்றுதான் கேட்டார்.

இரு படிகளையும் மேசையில் அருகருகே விரித்து வைத்துப் பார்த்தேன். முதல் பதிப்பின் 47ஆம் பக்கத்தில், பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது நேர்கிற வழக்கமான கோளாறினால், ‘கொட்டு’ என்ற சொல்லின் முதலெழுத்தில் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமுமாகப் பிரிந்து கிடந்தது. இரண்டாம் பதிப்பிலும் அதே பக்கத்தில், அதே வரியில், அதே கொம்பு அதே இடத்தில் நின்றது. மாறியிருந்தது நூல் விவரப் பக்கம் ஒன்றுதான். அதிலும் ‘முதற் பதிப்பு’ என்பது ‘இரண்டாம் பதிப்பு’ ஆகியிருந்ததே தவிர, அச்சிட்ட அச்சகத்தின் பெயர் இரண்டிலுமே இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் கறுப்பு எழுத்துகளின் மேல் டோனர் என்னும் மைத்தூளின் மினுமினுப்புத் தெரிந்தது. ஆஃப்செட்டில், ஃபாரத்துக்குப் பதினாறு பக்கமாக, 11 ஃபாரம் ஓட்டி மொத்தமாக அச்சிட்ட நூல் அல்ல அது. டிஜிட்டல் இயந்திரத்தில் முப்பது, நாற்பது படிகளாகத் தேவைப்படும்போது எடுத்த நூல். அப்படி எடுப்பதில் குற்றம் ஒன்றுமில்லை, இன்று நல்ல பதிப்பகங்களும் அவ்வாறே செய்கின்றன. 500 படிகள் கிடங்கில் அடுக்கிக் கிடக்கின்றன என்று சொல்லிக்கொண்டு அப்படி எடுப்பதில்தான் குற்றம் இருக்கிறது.

அதன் பிறகே ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். மூன்றாவது வரியில் ‘ஆசிரியரின் நூல் 500 படிகள் வரை அச்சிடப்படும்’ என்று இருந்தது. ‘வரை’ என்ற அந்த ஈரெழுத்துச் சொல்லைத் தலைமையாசிரியர் கவனிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர் கவனிக்கவில்லை என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் தம் பெயர் அட்டையில் வரப்போகிறது என்ற மகிழ்ச்சியில் இருக்கும் மனிதர் எவரும் இடைச்சொல்லையும் சொல்லுருபையும் எண்ணிப் பார்ப்பதில்லை. 500 வரை என்றால் 60 படியும் 500 வரைக்குள் அடங்கியதே. அதே ஒப்பந்தத்தில் ‘மூன்று கட்ட மெய்ப்புத் திருத்தம்’ என்று ஒரு தொகை தனியே வாங்கப்பட்டிருந்தது என்பதை, 47ஆம் பக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு, என் தொழில் சார்ந்த வயிற்றெரிச்சலாக இங்கே பதிவு செய்கிறேன்.

எழுத்தாளர்களுக்கான எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் நிறையவே எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கருத்து, பணம் எழுத்தாளரை நோக்கித்தான் வர வேண்டும், அவரிடம் பணம் கேட்பவர் பதிப்பாளரே அல்லர் என்பது. நியூயார்க்கிலோ லண்டனிலோ இருக்கும் எழுத்தாளருக்கு அது போதுமானதாக இருக்கலாம். நம் சூழலுக்கு அந்த அளவுகோலை அப்படியே கொண்டுவந்தால் நல்லவர்களும் அதில் மாட்டிக்கொள்வார்கள். என் மேசைக்கு வந்த கவிதை நூல்களில் பெரும்பாலானவை, ஆசிரியர் அச்சுச் செலவில் முழுவதையோ பாதியையோ ஏற்றுக்கொண்டதாலோ, நூறு இருநூறு படிகளைத் தாமே வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டதாலோ வெளிவந்தவைதாம். இதில் வெட்கப்படவும் ஏதுமில்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது, வாங்குவதாகக் கையொப்பமிட்டவர்களிடம் பொருள் திரட்டித்தான். பாரதியார் 1920இல் எட்டயபுரத்திலிருந்து, தம் நூல்களை அச்சிடக் கடனுதவி கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். தம் நூலுக்குத் தாமே செலவு செய்வது வேறு, ஏமாறுவது வேறு.

இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பதே கேள்வி. நூலைத் தேர்ந்தெடுத்து, தம் முதலைப் போட்டு, விற்றுச் சம்பாதித்து, ஆசிரியருக்கு ராயல்டி தருபவர் பதிப்பாளர். கூலி வாங்கிக்கொண்டு வடிவமைத்து, அச்சிட்டு, படிகளை ஆசிரியர் கையில் ஒப்படைப்பவர் அச்சுச் சேவை செய்பவர். இருவருமே நேர்மையானவர்களாக இருக்க முடியும். இரண்டாமவருடைய வேலையைச் செய்துகொண்டு முதலாமவருடைய மொழியில் பேசுகிறவரிடந்தான் எச்சரிக்கை வேண்டும். ‘உங்கள் படைப்பு எங்கள் தேர்வுக் குழுவால் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது, வாழ்த்துகள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு கடிதமும், அடுத்த வரியிலேயே ‘மூன்று நாட்களுக்குள் முன்பணம் செலுத்தி இடத்தை உறுதி செய்யவும்’ என்ற குறிப்பும் வந்தால், அங்கே ஒருவர் இரண்டு வேடம் போடுகிறார் என்று பொருள். காசு கொடுக்கும் எல்லாரையும் எடுத்துக்கொள்ளும் இடத்தில் தேர்வுக் குழுவுக்கு என்ன வேலை? கைப்பிரதியை அனுப்பிய மறுநாள் காலையிலேயே பாராட்டு வருகிறதென்றால், 176 பக்கத்தையும் அந்த இரவில் யார் படித்தார்கள்?

பணம் கொடுப்பதென்று முடிவு செய்தவர்கள், எதற்குக் கொடுக்கிறோம் என்பதைக் காகிதத்தில் எண்ணாகவும் நாளாகவும் வாங்கிக்கொள்ள வேண்டும். ‘தரமான தாளில்’ என்பது எண் அன்று, 70 ஜி.எஸ்.எம். எடையுள்ள மேப்லித்தோ தாள், நூல் டெமி அளவு, இத்தனை பக்கம், அட்டை இத்தனை ஜி.எஸ்.எம்., தையல் கட்டா வெறும் பசைக் கட்டா என்பவைதாம் எண்ணும் விவரமும். அச்சிடும் படிகள் எத்தனை, அவற்றில் ஆசிரியர் வீட்டுக்கு எத்தனை, பதிப்பகத்தில் எத்தனை, அங்கிருப்பவை எந்த முகவரியில் இருக்கின்றன, ஆசிரியர் நேரில் வந்து எண்ணிப் பார்க்கலாமா என்பதையும் கேட்க வேண்டும். நேர்மையான பதிப்பாளர் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை, வேண்டுமானால் அலுத்துக்கொள்வார். அச்சகம் பதிப்பகத்துக்குக் கொடுத்த ரசீதின் நகலையும் டெலிவரி சலானையும் கேட்பது இன்னும் நல்லது. எத்தனை படி அச்சாயிற்று என்பதற்கு அந்தச் சலானைவிட நம்பத்தகுந்த சாட்சி எங்கள் தொழிலில் இல்லை. 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம், அச்சிட்டவர் பெயரும் அச்சான இடமும் ஒவ்வொரு நூலிலும் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அதற்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் பருவ இதழ்களுக்கானது, நூல்கள் அதன் வரம்பில் இல்லை. ஆகவே அச்சகத்தின் பெயரில்லாத நூல் இன்று சட்ட மீறல் ஆகாமல் போகலாம். ஆனாலும் நூல் விவரப் பக்கத்தில் அந்த வரியைத் தேடிப் பார்க்கும் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை, எழுதுகிறவர்களுக்கும் அந்தப் பழக்கம் வந்தால் நல்லது.

இனி அந்த மூன்று வாக்குறுதிகள். ஐ.எஸ்.பி.என். என்பது நூலுக்கு இடப்படும் அடையாள எண், அவ்வளவே. அது நூலின் தரத்துக்குச் சான்றும் அன்று, பதிப்புரிமைக்குச் சான்றும் அன்று. இந்தியாவில் இதை வழங்குவது ஒன்றிய கல்வி அமைச்சகத்தின்கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை, கட்டணம் இல்லை, பதிப்பகங்களைப் போலவே தாமே வெளியிடும் எழுத்தாளர்களும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் இந்த எண்ணுக்கு ‘பதிவுக் கட்டணம்’ என்று ஆயிரக்கணக்கில் வாங்கிய ரசீதுகளை நான் பார்த்திருக்கிறேன். விண்ணப்பித்து வாங்கித் தரும் உழைப்புக்குக் கூலி என்று சொல்லி வாங்கினால் ஒப்புக்கொள்ளலாம், அரசுக் கட்டணம் என்று சொல்லி வாங்குவது பொய். சிலர் அந்த உழைப்பைக்கூடச் செய்வதில்லை. பதின்மூன்று இலக்கங்களையும் இடமிருந்து வலமாக மாறி மாறி ஒன்றாலும் மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால், வரும் தொகை பத்தால் மீதமின்றி வகுபட வேண்டும் என்பது அந்த எண்ணின் அமைப்பு. ஒரு முறை மின்சாரம் இல்லாத பகலில் பொழுது போகாமல் கையில் இருந்த நூலின் எண்ணைக் கூட்டிப் பார்த்தேன், 113 வந்தது. அட்டைக்குப் பின்னால் பட்டைக்கோடு மட்டும் அழகாக இருந்தது.

நூலக ஆணையைப் பொறுத்தவரை, 1948ஆம் ஆண்டின் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியிலிருந்தே நம் பொது நூலகங்கள் பெருமளவு நடக்கின்றன. எந்த நூலை வாங்குவது என்பதைப் பொது நூலக இயக்ககத்தின் தேர்வு முறைதான் முடிவு செய்கிறது. விண்ணப்பிக்கப் பதிப்பகத்தால் முடியும், ஆணையை வாக்களிக்க முடியாது. ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார், அல்லது உண்மையாகவே தவறான வழியில் போகிறார். இரண்டில் எதுவானாலும் அவரிடம் கைப்பிரதியைக் கொடுக்க அது காரணமாகாது. இதைவிடப் பயனுள்ள சோதனை ஒன்று உண்டு. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியையும், வெளியான 30 நாட்களுக்குள், கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்பி வைக்க வேண்டும். பெற்றுக்கொண்ட நூலகம் எழுத்து மூலம் ரசீது தர வேண்டும். பதிப்பகத்தின் முந்தைய நூல் ஒன்றுக்கான கன்னிமாரா ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட இயலாதவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன், சோம்பேறிகளும் இத்துறையில் உண்டு. ஆனால் காட்டியவரிடம் பாதி நம்பிக்கையோடு பேசத் தொடங்கலாம்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு உரிமையில் நேர்கிறது, அதைப் பலர் ஆண்டுகள் கழிந்த பின்பே உணர்கிறார்கள். நூல் விவரப் பக்கத்தில் ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்று அச்சாகியிருக்கும், ஒப்பந்தத்தின் கடைசிப் பத்தியிலோ ‘மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைவடிவம் உள்ளிட்ட அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக’ பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இந்த இடத்தில் எழுத்தாளருக்குப் பெரிய துணை. எழுதியவர் கையெழுத்திட்ட எழுத்தாவணம் இல்லாமல் உரிமை கைமாறாது. எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஆவணத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாத வரையில், அந்த உரிமை காலாவதியாகிவிடும். ஆகவே எதுவும் எழுதாத ஒப்பந்தத்தைவிட, ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’, ‘பயன்படுத்தாவிடினும்’ என்றெல்லாம் எழுதிய ஒப்பந்தமே ஆபத்தானது. அந்தச் சொற்களை அடித்துவிட்டு, மூன்று ஆண்டு, அச்சு நூல் மட்டும், தமிழில் மட்டும் என்று எழுதித் தரச் சொன்னால் என்ன பதில் வருகிறது என்று பார்க்க வேண்டும். பக்க வடிவமைப்புக் கோப்பும் அட்டைக் கோப்பும் யாருக்குச் சொந்தம் என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். வடிவமைப்புக்கெனத் தனியே காசு வாங்கிவிட்டு, மறுபதிப்புக்கு வேறிடம் போகும்போது கோப்பைத் தர மறுப்பது வழக்கமாக நடக்கிறது. நூல் எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு உண்டு, அதற்குப் பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்ய விரும்பினாலும் இலக்கியப் படைப்புக்கு அரசு வாங்கும் கட்டணம் 500 ரூபாய்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அதற்கும் ஐயாயிரம் கேட்கிறார்கள்.

விருதும் தொகுப்பும் தனிக் கதை. நூறு பேரிடம் ஆளுக்கு ஒரு கவிதையும் 600 ரூபாயும் வாங்கினால் 60,000 ரூபாய் சேரும். ஆளுக்கு ஒரு படி என்று 110 படிகள் அச்சிட்டு, சான்றிதழும் கேடயமும் கொடுத்து, மண்டப வாடகையும் போக மிச்சமாவதுதான் வருமானம். அந்த நூலை எழுதியவர்களைத் தவிர வேறு எவரும் வாங்குவதில்லை, வாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. இதில் கலந்துகொள்கிற பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளியில் படிக்கும் என் அண்ணன் மகளும் அப்படியொரு சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். ஆனால் அதே ஆட்கள் அடுத்த ஆண்டு ‘சாதனைக் கவிஞர்’ பட்டத்துக்கும், அதற்கடுத்த ஆண்டு ‘மதிப்புறு முனைவர்’ பட்டத்துக்கும் தொகை சொல்கிறபோது விஷயம் விளையாட்டாக இருப்பதில்லை. பட்டம் வழங்கும் அதிகாரம் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின்படி பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. 2023இல் ஒரு தனியார் அமைப்பு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அரங்கை வாடகைக்கு எடுத்து, நாடறிந்த கலைஞர்களுக்கே கௌரவ டாக்டர் பட்டம் என்று கொடுத்து, பின்னர் பல்கலைக்கழகமே காவல் துறையிடம் போகும்படி ஆனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். மேடை எங்கே போடப்பட்டது என்பது மேடையில் கொடுக்கப்பட்டதற்குச் சான்றாகாது.

வெளிநாட்டில் வாழும் தமிழ் எழுத்தாளர்களுக்கும், ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு வெளிவந்த இங்குள்ளவர்களுக்கும் வேறு வகை வலை விரிக்கப்படுகிறது. பெரிய பதிப்பகத்தின் பதிப்பாசிரியர் என்றும், திரைப்பட நிறுவனத்தின் முகவர் என்றும் சொல்லிக்கொண்டு மின்னஞ்சல் வரும். அமெரிக்காவில் சான் டியேகோவில் அரசு தொடுத்த வழக்கொன்றில், பெரிய பதிப்பகங்களும் ஹாலிவுட்டும் உங்கள் நூலைக் கேட்கின்றன, அதற்கு முன் இன்னின்ன கட்டணம் கட்ட வேண்டும் என்று ஆசை காட்டி, 800க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களிடம் 4.4 கோடி டாலருக்கு மேல் கறந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டுள்ளது. அவர்களில் பலர் முதியவர்கள். பணமே கேட்காத மோசடியும் உண்டு. லண்டனில் ஒரு பெரிய பதிப்பகத்தில் வேலை பார்த்த இத்தாலியர் ஒருவர், பதிப்பாசிரியர்களாகவும் முகவர்களாகவும் நடித்து, அச்சுக்குப் போகாத கைப்பிரதிகளை ஆயிரத்துக்கும் மேல் மின்னஞ்சலில் கேட்டு வாங்கியிருந்தார். 2022 ஜனவரியில் நியூயார்க்கில் கைதானார், மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் செய்த தந்திரம் மெய்ப்புத் திருத்துகிறவனுக்குச் சுவையானது: முகவரியில் ஆங்கில ‘எம்’ எழுத்து வர வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ என்ற இரண்டு சிறிய எழுத்துகளை ஒட்டி வைத்தார். கைபேசித் திரையில் அவை இரண்டும் சேர்ந்து ஓர் ‘எம்’ ஆகவே தெரியும். நம் மொழியில் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் இடையே பார்வையை ஓட்டுகிற பழக்கமுள்ளவர்கள் அந்தப் பழக்கத்தை மின்னஞ்சல் முகவரியின் மேலும் செலுத்தலாம். இப்போது செயற்கை நுண்ணறிவின் உதவியால் நூலின் சுருக்கத்தையும் பாத்திரங்களின் பெயர்களையும் எடுத்துச் சொல்லி உருகிப் பாராட்டும் கடிதங்களும் வருகின்றன. ஆகவே ‘என் நூலைப் படித்திருக்கிறாரே’ என்பதும் நம்பிக்கைக்குக் காரணமாகாது.

கல்லூரி ஆசிரியர்கள் வேறொரு கட்டாயத்தில் ஏமாறுகிறார்கள், அல்லது தெரிந்தே ஏமாறுகிறார்கள். பணி உயர்வுக்கும் ஆய்வுப் பட்டத்துக்கும் கட்டுரை எண்ணிக்கை தேவைப்படும்வரை, பணம் வாங்கிக்கொண்டு மதிப்பீடே இல்லாமல் வெளியிடும் ஆய்விதழ்கள் இருக்கத்தான் செய்யும். 2018 மே மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே நேரத்தில் நீக்கியது. அதற்கு மாற்றாக அது கொண்டுவந்த ‘கேர்’ என்ற ஆய்விதழ்ப் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. ஐதராபாத்தில் இயங்கும், இத்தகைய ஆய்விதழ்களை வெளியிடும் ஓமிக்ஸ் நிறுவனத்துக்கு எதிராக 2019இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி தீர்ப்பளித்தது. இதைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவர்கள் கல்லூரிகளிலேயே இருப்பதால் நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஏமாந்தவர்கள் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. ‘காசு கொடுத்துப் புத்தகம் போட்டான்’ என்று ஊர் பேசும் என்ற கூச்சம்தான் இந்தத் தொழிலுக்கு மூலதனம். ஆனால் சேவைக்குப் பணம் கொடுத்தவர் நுகர்வோர். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வழக்குரைஞர் இல்லாமலும் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையவழியில் பணம் போன சூடு ஆறுவதற்குள் என்றால் இணையக் குற்ற உதவி எண் 1930. வேண்டுமென்றே ஏமாற்றியதாகத் தெரிந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு இருக்கிறது. நாமெல்லாரும் ‘நானூற்றிருபது’ என்று செல்லமாக அழைத்து வந்த பழைய பிரிவின் புதிய எண் அது. எந்த வழியில் போவதானாலும் வாட்ஸ்அப் உரையாடலையும் யூ.பி.ஐ. பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். தலைமையாசிரியர், ‘அவர் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை’ என்று உரையாடல் முழுவதையும் அழித்துவிட்டிருந்தார். வங்கிக் கணக்கு அறிக்கையிலிருந்துதான் மூன்று தவணைகளையும் தேடி எடுத்தோம்.

எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசியும் எழுத்தாளர் அமைப்புகளும் சேர்ந்து, தமிழில், ஒரே பக்கத்தில், படிகளின் எண்ணிக்கை, ஒப்படைக்கும் நாள், உரிமையின் கால அளவு, கோப்புகளின் உடைமை, ராயல்டிக் கணக்குக் காட்டும் மாதம் ஆகியவற்றுக்குக் கோடிட்ட இடம் விட்ட ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட வேண்டும். சென்னைப் புத்தகக் காட்சியின் நுழைவாயிலில் அதை அச்சிட்டுக் கொடுத்தாலே போதும். அடுத்த வேண்டுகோள் தங்களுக்கு. நூல் வெளியீட்டு விளம்பரம் தருவோரிடம் முழு முகவரியைக் கேட்டு வாங்கி அதையும் அச்சிடுமாறும், ‘நூலக ஆணை உறுதி’ என்ற சொற்களை ஏற்காதிருக்குமாறும் தங்கள் விளம்பரப் பிரிவுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். தலைமையாசிரியர் அந்தப் பதிப்பகத்தைக் கண்டுபிடித்ததும் தங்கள் பக்கத்தில் வந்த ஒரு விளம்பரத்தின் வழியாகத்தான். அச்சிட்ட படிகளின் கணக்கையும், இல்லையேல் பணத்தையும், தம் கைப்பிரதியையும் கேட்டு, ஒப்பந்தத்தில் இருந்த முகவரிக்குச் சென்ற மாதம் அவர் விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்பினார். ‘இந்த முகவரியில் இப்படி எவரும் இல்லை’ என்று அஞ்சல்காரர் எழுதித் திருப்பியனுப்பிய அந்த உறையின் நகலையும், விளம்பரம் வந்த பக்கத்தின் கத்தரிப்பையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி